ஒரு காய் எடுப்புக்குள் பதில்

(போடிநாயக்கனூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காத்திருப்பதைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பொருத்தம் சரியாகத்தான் இருக்கிறது. 1928-ல் நம் ஊருக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்து பல வருஷம் கழித்துத்தான் திரும்பப் போட்டார்கள். 2010 டிசம்பர் 31-ஆம் தேதி மீட்டர் கேஜ் வண்டி கடைசியாக ஓடியது. அகலப் பாதையில் வண்டி திரும்பி வந்த நாள் 2023 ஜூன் 15. இடையில் பன்னிரண்டரை வருஷம். "அடுத்த தைக்கு வந்துரும்ணே" என்று ஒவ்வொரு தைக்கும் சொல்லிக்கொண்டே நாம் மதுரைக்குப் பஸ்ஸில் போய்வந்தோம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ரயிலுக்குக் காத்திருந்தபோது எங்கேயாவது ஜல்லி கொட்டுகிற சத்தமாவது கேட்டது. நான் பேச வந்திருக்கிற காத்திருப்பில் அந்தச் சத்தமும் கிடையாது. நாவல் ஒன்றை எழுதி, அதை யாருக்கோ அனுப்பிவிட்டு, அவர் படித்தாரா, பிரித்தாராவது பார்த்தாரா என்று தெரியாமல் இருக்கிற காத்திருப்பு அது.

தலைவர் என்னை எழுத்தாளர் என்று அறிமுகம் செய்தார். அது பாதி உண்மை. முப்பத்தோரு வருஷம் ஏலக் கம்பெனி ஒன்றின் மாதிரி அறையில் வேலை பார்த்தவன் நான். மூட்டையிலிருந்து காயை அள்ளி, பொட்டலம் கட்டி, லாட் நம்பர் எழுதி வைக்கிற வேலை. தமிழில் காய்க்கும் ஏலம் என்று பேர், கூவி விற்பதற்கும் ஏலம் என்று பேர். இரண்டாவது ஏலம் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல் என்கிறார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, இரண்டும் கடைசியில் போடியில் வந்து சேர்ந்துவிட்டன.

அந்த ஏலத்தைப் பார்த்திராத இளைஞர்கள் சிலர் இங்கே இருப்பதால் சொல்கிறேன். தோட்டத்துக்காரர் மலையிலிருந்து காயைக் கொண்டுவந்து போடுவார். ஏலக்காய்ச் செடி நட்டு மூன்றாம் வருஷம்தான் ஒழுங்காகக் காய்க்கும். பூத்த சரம் முற்றி எடுப்புக்கு வர நாலு மாதம் ஆகும். எடுத்த பச்சைக் காயை ஸ்டோரில் ஒரு ராத்திரி முழுக்கச் சூடு காட்டி உலர்த்தினால் ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். இவ்வளவையும் கடந்து வந்த காய் ஏலக் கூடத்தில் சின்னப் பொட்டலமாக வியாபாரியின் மேஜைக்குப் போகும். அவர் நிறத்தைப் பார்ப்பார், பருமனைப் பார்ப்பார், ஒன்றை உடைத்து அரிசியைக் கடித்துப் பார்ப்பார். லாட் நம்பர் கம்ப்யூட்டரில் வந்ததும் சில விநாடிகளில் விலை விழுந்துவிடும். தோட்டத்துக்காரருக்கு அந்த விலை சம்மதமில்லை என்றால் காயைத் திருப்பி எடுத்துக்கொள்வார். ஏலம் முடிந்த அன்றே எத்தனை லாட் வந்தது, எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, அதிக விலை என்ன, சராசரி என்ன என்று கணக்கு வந்துவிடும். வந்ததும் விற்றதும் ஒன்றாக இருக்காது. விற்காமல் போனது எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும். 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புற்றடி ஏலக் கூடத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போன நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எழுநூறைத் தொட முடியாமல் பெரிய சம்சாரிகள் தலையில் கைவைத்து உட்கார்ந்த நாட்களும் ஞாபகம் இருக்கிறது. விலை கேட்டுக் கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். விலையே தெரியாமல் வீட்டுக்குப் போனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மாதிரிக்குக் கொடுத்த காய் மட்டும் திரும்பி வராது. அந்த ஒரு விஷயத்தில் ஏலக்காயும் இன்றைய கையெழுத்துப் பிரதியும் ஒரே ஜாதி.

நான் எழுத ஆரம்பித்த காலத்தில் பத்திரிகைகளில் கீழே பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கும். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும், போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை இணைக்கவும். அந்த உறையில் நம் விலாசத்தை நாமே எழுதும்போது ஒரு மாதிரியாக இருக்கும். நம் தோல்விக்கு நாமே தபால் செலவு கட்டுகிறோம். ஆனால் அந்த உறை வந்து சேரும். எங்கள் தெருவுக்கு வந்த தபால்காரர் கையில் வாங்கிய உடனேயே எடை பார்த்துச் சொல்லிவிடுவார். "கனமா இருக்கு தம்பி, திரும்பிருச்சு." மெல்லிசான கவர் வந்தால் கூடவே டீ கேட்பார். திரும்பி வந்த கதையோடு ஒரு துண்டுச் சீட்டு, பிரசுரத்துக்கு ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று அச்சடித்தது. என்னிடம் அப்படி ஒரு கட்டு இருந்தது. கரையான் தின்றதுபோக மிச்சம் இப்போதும் இருக்கிறது. அதையெல்லாம் அவமானம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அதை மரியாதை என்று நினைக்கிறேன். ஒருவர் உறையைப் பிரித்து, சீட்டை வைத்து, பசை தடவி ஒட்டியிருக்கிறார் இல்லையா?

பிறகு, ஏற்காதவை திருப்பி அனுப்பப்பட மாட்டா என்ற வரி வந்தது. அதன் பிறகு இமெயில் வந்தது. சௌகரியம் கூடக் கூடப் பதில் குறைந்துகொண்டே வந்தது.

இந்தக் காத்திருப்பில் நம் பக்கத்தின் பெரிய கதை ப. சிங்காரத்துடையது. சிங்கம்புணரியில் 1920-ல் பிறந்தவர். பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனார். போர் முடிந்து திரும்பி வந்து மதுரை தினத்தந்தியில் சேர்ந்து, ஏறக்குறைய நாற்பது வருஷம் அங்கேயே வேலை செய்தார். 'கடலுக்கு அப்பால்' நாவலை 1950-ல் எழுதினார். அது புத்தகமானது 1959-ல், அதுவும் கலைமகள் நாவல் போட்டியில் பரிசு கிடைத்த பிறகு. அடுத்ததாக 'புயலிலே ஒரு தோணி'. 1962 வாக்கில் எழுதி முடித்தார். கலைஞன் பதிப்பகம் வெளியிட்டது 1972-ல். ஒன்பது வருஷமும் பத்து வருஷமும் கூட்டினால் பத்தொன்பது வருஷம் இரண்டு நாவல்கள் காத்திருந்திருக்கின்றன. யோசித்துப் பாருங்கள். பகலெல்லாம் அவர் வேலை பார்த்த இடம் செய்தித்தாள் ஆபீஸ். அங்கே சாயங்காலம் எழுதின வரி விடிவதற்குள் அச்சாகி, நம் போடி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சுக்கு வந்து, பத்து மணிக்கு வடை மடிக்கவும் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தவரின் சொந்த எழுத்து பத்து வருஷம் பெட்டியில் கிடந்தது.

தமிழில் இதுவரை வந்த நாவல்களில் முன்வரிசையில் வைக்க வேண்டியது 'புயலிலே ஒரு தோணி' என்று இன்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் சிங்காரம் மூன்றாவது நாவல் எழுதவில்லை. 1972-க்குப் பிறகு கால் நூற்றாண்டு உயிரோடு இருந்தார், 1997-ல் காலமானார். 'இது தேறாது' என்று 1963-லேயே ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவர் கோபப்பட்டிருப்பார், கோபத்தில் வேறொன்று எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை என்னால் நிரூபிக்க முடியாது. எழுதுகிறவனை மறுப்பு நிறுத்துவதில்லை, மௌனம் நிறுத்திவிடுகிறது என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொருவர் இன்னும் பக்கத்து ஊர். சி.சு. செல்லப்பா 1912-ல் பிறந்தது சின்னமனூரில். வத்தலக்குண்டுக்காரர் என்று சொல்வார்கள், ஆனால் பிறந்தது இந்த மலையடிவாரம். அவர் காத்திருக்கிற ஜாதியே இல்லை. யாரும் போடமாட்டார்கள் என்றால் நானே போடுகிறேன் என்று 1959-ல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தார். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். எண்பது வயதுக்குப் பிறகும் அதே பிடிவாதம்தான். மூன்று பாகமாக வந்த 'சுதந்திர தாகம்' நாவலைக் கடைசிக் காலத்தில் தானே அச்சிட்டார். 1998 டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது வந்தது 2001-ல். அகாதமி பதில் போட்டுவிட்டது, விலாசதாரர்தான் இல்லை.

செல்லப்பா மாதிரி இருங்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்வது சுலபம். நான் சொல்ல மாட்டேன். சொந்தப் பணத்தில் அச்சிட்டு, வீட்டுக் கட்டிலுக்கு அடியில் புத்தகக் கட்டை அடுக்கி வைத்துக்கொண்டு, அடுத்தவர் கல்யாணத்துக்கெல்லாம் அதையே மொய்யாகக் கொடுத்துத் தீர்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், எனக்கும் ஒரு பிரதி வந்தது.

இப்போது முகவர் விஷயம். வெளிநாட்டில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் நேராகப் பெரிய பதிப்பகத்துக்குப் போவது அபூர்வம். நடுவில் இலக்கிய முகவர் என்று ஒருவர் இருக்கிறார். நம் ஊர்ப் பாஷையில் தரகர். இலவம்பஞ்சுக்கு, மாந்தோப்புக்கு, மாட்டுக்கு, மாப்பிள்ளைக்கு என்று எல்லாவற்றுக்கும் தரகர் வைத்துக்கொள்கிற ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. லண்டனில் ஏ.பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1870-களில் இதைத் தொழிலாகத் தொடங்கினார் என்பார்கள். அப்போது கமிஷன் நூற்றுக்குப் பத்து. இப்போது உள்நாட்டு விற்பனைக்குப் பதினைந்து, வெளிநாட்டுக்கும் மொழிபெயர்ப்புக்கும் இருபது என்பது பொதுவான வழக்கம். முன்கூட்டி ஒரு பைசா வாங்கமாட்டார், வாங்கவும் கூடாது. புத்தகம் விலை போனால்தான் அவருக்குச் சாப்பாடு.

ஆர்.கே. நாராயணுக்கு முதலில் அப்படி யாரும் இல்லை. 'சுவாமியும் நண்பர்களும்' கையெழுத்துப் பிரதியை மைசூரிலிருந்து லண்டன் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். திரும்பி வந்தால் இந்தியாவுக்குத் தபால் செலவு ஆகுமே என்று ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த பூர்ணா என்ற நண்பரின் விலாசத்தைக் கொடுத்து வைத்தார். பூர்ணாவின் அறைக்கு அது ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. கடைசியில் மனம் வெறுத்து, அதில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று எழுதினார். பூர்ணா போடவில்லை. அப்போது ஆக்ஸ்போர்டில் குடியிருந்த எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்தார், பதிப்பாளர் ஹாமிஷ் ஹாமில்டனிடம் சொன்னார், 1935-ல் புத்தகம் வந்துவிட்டது. நாராயணசுவாமி என்று இருந்த பெயரை நாராயண் என்று சுருக்கச் சொன்னதும் கிரீன்தான்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கிரீனைத்தான் பாராட்டுவார்கள். என் வோட்டு பூர்ணாவுக்கு. எழுதினவர் கைவிட்டதைக் கைவிடாமல், யாரிடம் கொடுத்தால் படிப்பார் என்று யோசித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து போனார் பாருங்கள், அதுதான் முகவர் வேலை. கமிஷன் வாங்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். இத்தனைக்கும் அந்த முதல் புத்தகம் விற்கவில்லை, அடுத்த இரண்டு நாவல்களுக்கும் வேறு வேறு பதிப்பகம் தேட வேண்டியிருந்தது. அது வேறு கதை.

சரி, என் கதைக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சம்பவமே இல்லை.

விடியக்காலை ஜீப்பில் ஏறி, போடிமெட்டு ரோட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவையும் கடந்து, கேரளத்து ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போய், இருட்டுவதற்குள் அதே ஜீப்பில் இறங்குகிற நம் பெண்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினேன். என் அக்கா முப்பது வருஷம் அப்படிப் போனவர். 412 பக்கம் வந்தது. சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினேன். பதினான்கு மாதம் கழித்து ஒருநாள் போன் செய்தேன். "படிச்சிட்டு இருக்கோம் சார்" என்றார்கள். நான் மரியாதையாக நன்றி சொல்லி வைத்தேன். மூன்றாம் வருஷமும் கூப்பிட்டேன். அப்போதும் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 412 பக்கத்தை அவ்வளவு ஆழ்ந்து படிக்கிற வாசகர் எனக்கு வேறு யாரும் அமையவில்லை.

இன்னொரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். மறுநாளே பதில்! "அருமையான நாவல் ஐயா, தமிழுக்கு இது தேவை." நான் அனுப்பியது முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு. மறுநாள் காலை பதினொன்றுக்குத் தமிழுக்குத் தேவை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த பத்தியில் எவ்வளவு ரூபாய் நான் கட்ட வேண்டும், எத்தனை பிரதி நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. இளைஞர்களே, இந்தத் தொழிலில் பதில் தாமதமானால் பயப்படாதீர்கள். சீக்கிரம் வந்தால்தான் பயப்பட வேண்டும்.

என் தங்கை மகள் முதல் மூன்று அத்தியாயத்தை ஆங்கிலத்தில் போட்டுக் கொடுத்தாள். "மாமா, வெளிநாட்டு ஏஜென்ட்டுக்கு அனுப்புவோம்" என்றாள். ஒரு கடிதம், ஒரு கதைச் சுருக்கம், முதல் சில பக்கம், இதுதான் அங்கே கேட்கிற மாதிரிப் பொட்டலம். எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே, நேர்த்தியாகக் கட்டினேன். அனுப்பிய மறுநிமிஷமே மெஷின் பதில் வந்தது. பன்னிரண்டு வாரத்துக்குள் எங்களிடமிருந்து சேதி இல்லையென்றால் ஏற்கவில்லை என்று எடுத்துக்கொள்ளவும். நான் காலண்டரில் கோடு போட ஆரம்பித்தேன். பன்னிரண்டு வாரம் என்றால், நாற்பது நாளுக்கு ஒன்று வீதம், ஏலக்காட்டில் இரண்டு எடுப்பு. இரண்டு எடுப்பு முடிந்தது, ஒன்றும் வரவில்லை. அடுத்தவரிடம் எட்டு வாரம். அதுவும் போயிற்று. இமெயிலைத் திறந்து திறந்து பார்த்து, கரண்டு பில் சேதிகூட எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள வைத்தது. ஸ்பேம் என்று ஓர் அறை இருக்கிறதல்லவா, அதிலும் போய்த் தேடினேன். அங்கே எனக்குப் பல கோடி ரூபாய் லாட்டரி விழுந்திருந்தது.

ஆக, முகவர் வந்துவிட்டால் மௌனம் தீர்ந்துவிடும் என்பதும் சரியில்லை. ஆனால் அங்கே ஒரு கெடு சொல்கிறார்கள். கெடு தாண்டினால் செத்துவிட்டது என்று தெரிந்து, அழுது, குளித்துவிட்டு எழுந்திருக்கலாம். நம்மிடம் கெடுவும் இல்லை.

ஆறாவதாக நான் அனுப்பிய முகவரிடமிருந்து நாலு வரி வந்தது. மனிதர் எழுதியது. ஜீப் பயணம் பிடித்திருக்கிறது, ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் சொல்கிறவரே அடிக்கடி குறுக்கே வந்து கருத்துச் சொல்கிறார், அதனால் அந்தப் பெண்கள் பின்னால் போய்விடுகிறார்கள், எனவே என்னால் எடுத்துக்கொள்ள இயலவில்லை. இவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். ஆமாம். முப்பத்தோரு வருஷம் மாதிரி அறையில் இருந்த பழக்கம், ஒவ்வொரு காயையும் எடுத்து இது நல்ல காய், இது சொத்தை என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். 412 பக்கம் இப்போது 290. என் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "முன்ன நீயே பேசிக்கிட்டு இருந்த. இப்பத்தான்டா நாங்க பேசுறோம்" என்றார்.

பதிப்பகங்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தமிழில் பல பதிப்பகங்கள் ஒரு வீட்டு முன்னறை, இரண்டு பேர், ஒரு கம்ப்யூட்டர். நூலக ஆணை வருமா என்று அவர்களே அரசாங்கத்தின் வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறவர்கள். ஏலக் கூடத்தில் பதில் உடனே வருவதற்கு வியாபாரி நல்லவர் என்பது காரணம் இல்லை. காய் அவருக்கு வேண்டும், அதனால் பதில் சொல்கிறார். நம் கையெழுத்துப் பிரதி யாருக்கும் உடனடியாக வேண்டியதாக இல்லை. யாருக்கு வேண்டும் என்று தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தால் நிலைமை மாறும். 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் மொழிபெயர்ப்பு நல்கையும் இலக்கிய முகவர்களுக்குப் பயிற்சியும் அரசே ஏற்பாடு செய்திருக்கிறது, நல்ல காரியம். காலச்சுவடு போன்ற பதிப்பகங்கள் தங்கள் ஆசிரியர்களுக்கு முகவர் வேலையையும் பல வருஷமாகச் சேர்த்துச் செய்கின்றன. பெருமாள்முருகனின் 'பூக்குழி' ஆங்கிலத்தில் போய் 2023-ல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் வந்தது. ஆனால் இதெல்லாம் அச்சான புத்தகத்தை வெளியே கொண்டுபோகிற வழி. பெட்டிக்குள் கிடக்கிற பிரதிக்கு முதல் பதில் சொல்ல இன்னும் ஆள் இல்லை.

அதற்காகத்தான் நாங்கள் ஆறு பேர் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, இரண்டு பேர் கடை வைத்திருக்கிறவர்கள், ஒருவர் எஸ்டேட் கணக்கர், ஒருவர் கல்லூரி மாணவி, பிறகு நான். எங்களிடம் பதிப்பகம் இல்லை, அச்சிட்டுத் தர முடியாது, சென்னையில் யாரையும் தெரியாது. உங்கள் கதையோ நாவலோ எதுவானாலும் கொண்டுவந்து கொடுங்கள். இரண்டு பேர் படிப்போம். நாற்பது நாள், அதாவது ஒரு காய் எடுப்புக்குள், பதில் வரும். எங்கே பிடித்தது, எங்கே தூக்கம் வந்தது, எந்தப் பக்கத்தில் மூடி வைத்தோம் என்று பெயர் போட்டு எழுதுவோம். நாலு வரிக்குக் குறையாது. கோபம் வந்தால் வீட்டுக்கு வந்து திட்டலாம், எங்கள் ஆறு பேர் விலாசமும் வாசலில் ஒட்டியிருக்கிறது.

தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், ஓரம் விடுங்கள், பக்க எண் போடுங்கள். சுயவிலாசமிட்ட உறை வேண்டாம். பதில் எழுதும் போஸ்ட் கார்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம். பிரதி கட்டாயம் திரும்பி வரும். முதல் கட்டை இன்றைக்கே வாங்கிக்கொள்கிறேன், யாராவது பையில் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் மேடைக்கு வாருங்கள்.